பலகையில் ஏறிய கொடி

குருசடித்துறையை விட்டு யாருமே வெளியேற முடியாமல் போன அந்த இருபத்து நாலு நாட்களைப் பற்றி இன்றைக்குக் கேட்டாலும் ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். பூமி கொஞ்சம் சுருங்கிவிட்டது என்பார் ஒருவர், எல்லாம் ரோடு போட்டவர்களின் லட்சணம் என்பார் இன்னொருவர், ஆனால் அதற்குக் காரணம் ஒரு தையல்காரி தன் கையால் போட்ட முடிச்சுதான் என்பதில் மட்டும் இரண்டு பேச்சே கிடையாது.

தையல்காரியின் பெயர் செலஸ்தீனா. வயது நாற்பத்தெட்டு. துறைமாதா சொரூபத்துக்குச் சேலையும், பீடத்துக்கு விரிப்பும், வருஷா வருஷம் ஆகஸ்ட் திருவிழாவுக்குக் கொடியும் அவள் மிஷினில் தைத்ததுதான். நீல விளிம்பு வைத்த வெள்ளைத் துணி, நடுவில் மாதாவின் முகம். அந்தக் கொடி கோயில் முற்றத்தில் ஏறிவிட்டால் பத்து நாளைக்கு ஊருக்குள் இருக்கிறவர் எல்லை தாண்டக் கூடாது என்பது பூட்டன் காலத்துக் கட்டுப்பாடு. தாண்டினால் என்ன ஆகும் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் ஒருவரும் தாண்டியதில்லை. கொடியை ஏற்றிய கைதான் இறக்க வேண்டும், கயிற்றில் மற்றவர் கை படக் கூடாது என்பது இன்னொரு கட்டுப்பாடு. இறங்கும்போது ஊரே வரிசையில் நின்று கொடியை முத்தி செய்யும். அந்த முத்தத்தின் ஈரம் காய்வதற்குள் கப்பல் வேலைக்காரர்களும் வளைகுடாக்காரர்களும் சென்னைக்காரர்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். செலஸ்தீனாவுக்கு வருஷத்தில் பிடிக்காத ஒரே நாள் அதுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு கொடியிறக்க மாலையில்தான் அவள் புருஷன் கப்பலுக்குப் போனார். இன்னும் கப்பலில்தான் இருக்கிறார் என்று ஊரில் அவளுக்காகச் சொல்வார்கள், அவளும் ஆமாம் என்பாள்.

மிச்சம் இருந்தது மகள் ரெக்ஸ்லின். நர்ஸ் படிப்பை முடித்து, இரண்டு வருஷம் முட்டி மோதி ஜெர்மன் மொழிப் பரீட்சையும் தேறி, அந்த நாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலையும் வாங்கிவிட்டாள். தவக்காலம் தொடங்கிய வாரத்தில் டிக்கெட் வந்தது. பயணம் குருத்து ஞாயிற்றுக்கு முந்தைய வியாழக்கிழமை. செலஸ்தீனா அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்து, "எழுத்து சின்னதா இருக்கு மக்கா, கண்ணாடி எங்கன்னு தெரியல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றாள். கண்ணாடி அவள் நெற்றிக்கு மேல்தான் இருந்தது.

அவள் அந்த முடிச்சைப் போட்ட கடல் பலகை எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வடக்குக் கடற்கரையில் மூன்று வருஷம் ஒரு பள்ளி நடந்தது; பட்டணத்துப் பிள்ளைகள் அகலமான பலகையில் நின்றபடியே துடுப்புப் போட்டுக் கடலில் போய்வரப் பழகுவார்கள், சிலர் பலகையின் நடுவில் ஒரு கம்பை நட்டுப் பாயும் கட்டுவார்கள். கிழிந்த பாய்களைத் தைத்துக் கொடுக்கப் போன செலஸ்தீனா, மத்தியான வேளைகளில் தானும் ஏறி நின்று பழகிக்கொண்டாள். ஊரில் பெண்கள் வள்ளத்தில் ஏறுவதில்லை என்று ஒரு வழக்கம் உண்டு; அதைப் பற்றி ஊர்க் கமிட்டி ஒரு சாயங்காலம் முழுக்கக் கூடிப் பேசி, நிற்கிறவரின் காலை நனைக்கிற எதுவும் வள்ளம் ஆகாது, அது வெறும் பலகைதான் என்று தீர்மானம் போட்டது. பள்ளி மூடிப் போனபோது பதினோரு அடிப் பலகையொன்றும் ஒரு கம்பும் அவள் முற்றத்தில் தங்கிவிட்டன. பாய் மட்டும் இல்லை.

பாய்க்குத் துணி தேடியபோதுதான், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை எரிக்கச் சொல்லிக் கொடுத்திருந்த மூன்று பழைய கொடிகள் அவள் கையில் தட்டுப்பட்டன. மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக் கூடாது, எரிக்க வேண்டும், இல்லையென்றால் புதைக்க வேண்டும். ஆனால் துணியை விரலால் நெருடிப் பார்த்தவளுக்கு அது இன்னும் பத்து வருஷம் உழைக்கும் என்று தெரிந்தது. நல்ல துணியை நெருப்பில் போட எந்தத் தையல்காரிக்கு மனசு வரும்? மூன்றையும் சேர்த்துத் தைத்து, மூங்கிலில் ஒரு குறுக்குக் கம்பு வைத்து, தவக்காலத்தின் இரண்டாம் வாரத் திங்கட்கிழமை மத்தியானம் பலகையைக் கடலுக்கு இழுத்துக்கொண்டு போய், கயிற்றை இழுத்துப் பாயை ஏற்றி, கம்பின் அடியில் ஒரு முடிச்சுப் போட்டாள்.

வருஷத்திலேயே கடல் சாதுவாக இருக்கிற மாதம் அது. கொண்டல் காற்று ஓய்ந்து, மேற்கேயிருந்து வீசும் கச்சான் இன்னும் தொடங்காத இடைவெளியில், கிழக்கேயிருந்து வருகிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு மெல்லிய காற்று வரும், அலைகள் முழங்காலுக்குக் கீழே வந்து காலைத் தொட்டுவிட்டுப் போகும். சின்ன அலையில் நிற்பது பெரிய அலையில் நிற்பதைவிடக் கஷ்டம் என்பார்கள் தெரிந்தவர்கள். பெரியது வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வரும், சின்னது நாம் வேறெதையோ நினைக்கிற நேரம் பார்த்து வரும். மெல்லிய காற்றும் அப்படித்தான். பாயை நம் பக்கம் வெடுக்கென்று இழுத்தால் அது செத்துப்போகும். கையைத் தளர்த்தி, துணி வயிறு விட இடம் கொடுத்து, காலை அகட்டி, மூச்சைப் பிடிக்காமல் நின்றால் பலகை தானாக நகரத் தொடங்கும். அன்றைக்கு அது நகர்ந்தது. செலஸ்தீனா பதினோரு வருஷத்தில் முதல்தடவையாக யாரையும் எதையும் நினைக்காமல் ஒரு மணி நேரம் இருந்தாள்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் இரண்டு மணி பஸ் ஊரைவிட்டுக் கிளம்பியது. ஓட்டுநர் சுடலைமுத்து, மேற்கே தேரிக்காட்டுப் பக்கத்துக்காரர், சாயங்காலம் வீட்டில் இருக்க வேண்டியவர். உப்பளங்களைத் தாண்டிப் பனங்காட்டு வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தார், வளைவு முடிந்ததும் எதிரே ஊர் முகப்புச் சிலுவைக் கோயிலான குருசடி நின்றது. அதே குருசடி, அதே பெட்டிக்கடை, பெட்டிக்கடைக்காரர் அதே பீடியை இன்னும் முடிக்கவில்லை. மறுபடி கிளம்பினார், மறுபடி வந்தார். நாலாவது தடவை பயணிகள் இறங்கி டீ குடிக்கப் போய்விட்டார்கள். மோட்டார் சைக்கிளில் போனவர்களும், நடந்து போனவர்களும், தவக்காலத் தியானம் கொடுக்க வந்த வேற்றூர்ச் சாமியாரும் அதேபோல் குருசடிக்கு வந்து சேர்ந்தார்கள். கொடிக்கு இந்து கிறிஸ்தவன் என்ற பேதமெல்லாம் தெரியவில்லை.

மூன்றாம் நாள் கமிட்டித் தலைவர் கஸ்பார் மச்சாது விஷயத்தைக் கண்டுபிடித்தார். அவர் காலையில் கடற்கரையோரம் வடக்கே நடந்துகொண்டிருந்தபோது, கடலில் செலஸ்தீனாவின் பாயும் அவருக்கு இணையாக வடக்கே போய்க்கொண்டிருந்தது. பாய் கூட வந்தவரை நடந்தார், அவள் திரும்பிப் பாய் பார்வையிலிருந்து மறைந்ததும் அவர் முகத்துக்கு நேரே குருசடி. மறுநாளும் நடந்து பார்த்து, பாய் போகிற தூரம்வரை ஊர் எல்லையும் போகிறது என்று உறுதி செய்துகொண்டு, பங்குச்சாமியார் அமலதாஸையும் அழைத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தார். பாய் ஏற்றியபடியே கம்பு முற்றத்து மணலில் நட்டிருந்தது.

"எம்மா செலஸ்தீனா, அந்தப் பாயில இருக்கது யாரு முகம்?"

"மாதா முகம்."

"எரிக்கச் சொல்லிக் குடுத்த துணியில்லா?"

"நல்ல துணி. மனசு வரல."

சாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். "தவக்காலத்துல கொடியேத்துன ஊரு உலகத்துலயே இது ஒண்ணுதாம்மா இருக்கும். சரி, நடந்தது நடந்துபோச்சு. திருவிழாப் பூசை கீசை ஒண்ணும் வேண்டாம், நான் ஆயருக்குப் பதில் சொல்லிக்கிடுதேன். நீ ஏத்துனது, நீயே இறக்கிரு."

செலஸ்தீனா முடிச்சைப் பார்த்தாள். ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சு அது, பாவாடை நாடாவுக்குப் போடுவது. உள்ளே ரெக்ஸ்லின் பெட்டியில் ஸ்வெட்டர்களை அடுக்குகிற சத்தம் கேட்டது. வெளியே யாரும் போக முடியாது என்றால் யாரும் என்பதில் ரெக்ஸ்லினும் சேர்த்திதான் என்பது அந்த நிமிஷத்தில்தான் அவளுக்கு முழுதாக உறைத்தது.

"வரமாட்டேங்குது சாமி. உப்புல இறுகிப்போச்சு" என்றாள்.

"அறுத்துட்டா என்ன?" என்று கஸ்பார் வாய் தவறிக் கேட்டுவிட்டார். கொடிக்கயிற்றை அறுப்பதாவது. சாமியார் சிலுவை போட்டுக்கொண்டார், கஸ்பார் தன் கன்னத்தில் தானே போட்டுக்கொண்டார். ஈஸ்டர் முடிந்ததும் முறைப்படி பூசை வைத்தால் முடிச்சு தானாக இளகும் என்று பேசி முடித்து இருவரும் போனார்கள். அடுத்தவர் போட்ட கொடி முடிச்சில் கை வைக்கிற பழக்கம் அந்த ஊரில் யாருக்கும் இல்லாததால், ஒருவரும் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை.

ஒரு வாரத்தில் ஊர் அதற்குப் பழகிவிட்டது. கோயில் அறிவிப்புப் பலகையில் சாக்பீஸால் எழுதிப் போட்டார்கள்: திங்கள், புதன், வெள்ளி வடக்கே வெள்ளமுனை, ஆஸ்பத்திரி மற்றும் காலேஜ்; செவ்வாய், சனி தெற்கே சந்தை; வியாழன், ஞாயிறு ஓய்வு. வெள்ளமுனை டவுன் கடலோரமாகவே ஒன்பது கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குச் செலஸ்தீனா பாயில் காற்றுப் பிடித்து வடக்கே கிளம்புவாள், கரையோர ரோட்டில் சுடலைமுத்துவின் பஸ் அவளுக்கு இணையாக நடைவேகத்தில் ஊர்ந்து வரும், காலேஜ் பிள்ளைகள் ஜன்னலில் புத்தகத்தை விரித்து வழியிலேயே ஒரு பாடம் முடித்துவிடுவார்கள். மொட்டை மாடியில் ஏறினால் பாய் தெரியும் என்கிற இடம்வரை போகலாம், அதற்கு மேல் கிடையாது. காற்று நின்றுபோன நாளில் அவள் துடுப்புப் போடுவாள், பஸ் நிற்கும், கண்டக்டர் இறங்கி வேப்பமரத்தடியில் உட்காருவார்.

திரும்பி வருவதில் இருந்த வசதியையும் ஊர் சீக்கிரமே கண்டுகொண்டது. டவுனில் வேலை முடிந்தவர்கள் கரையில் நின்று துண்டை வீசினால் அவள் பாயைத் திருப்புவாள். பாய் மறைந்ததும் அத்தனை பேரும் சாமான் பைகளோடு குருசடியின் முன்னால் நிற்பார்கள், டிக்கெட் கிடையாது, வெயில் கிடையாது. பல் பிடுங்கப் போன பக்கத்து வீட்டுப் பிலோமி ஒருநாள் துண்டு வீச்சு சீக்கிரமாகிவிட்டதால், திறந்த வாயோடு வந்து சேர்ந்தாள். வள்ளங்கள் பாய் தெரிகிற தூரத்திலேயே வலை போட்டன. வேற்றூர்ச் சாமியார் தியானத்தை மூன்று நாளிலிருந்து மூன்று வாரமாக நீட்டினார், ஊரில் பாவசங்கீர்த்தனத்துக்குச் சொல்லப் பாவமே மிச்சமில்லாமல் போனது.

அம்மாக்கள் மட்டும் வேறு மாதிரி இருந்தார்கள். லீவில் வந்த மகன்கள் லீவு முடிந்தும் வீட்டில் இருந்தார்கள், கோபித்துக்கொண்டு போகக் கிளம்பிய மருமகள்கள் போக முடியாமல் சமாதானமானார்கள். துபாயிலிருந்து வந்து மாட்டிக்கொண்ட பையனுக்கு அம்மாவான பிலோமி, ஒருநாள் ஒரு சட்டி நண்டுக் குழம்போடு வந்து, தாழ்வான குரலில் சொன்னாள்.

"மதினி, ஒண்ணும் அவசரமில்ல கேட்டீயளா. உப்பு அதுபாட்டுக்கு இளகட்டும்."

செலஸ்தீனா சட்டியை வாங்கிக்கொண்டாள். பிலோமிக்குத் தெரிந்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் தனக்கு வேண்டியதால் சும்மா இருக்கிறாள் என்பதும் தெரிந்தது. அது ஒருவகையில் தெம்பாக இருந்தது, ஆனாலும் குழம்பு முழுவதையும் மகளுக்கே ஊற்றினாள்.

சுடலைமுத்துவுக்கு ஒன்பதாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. மேற்கே இருபது மைலில், தேரிக்காட்டு ஊரில். போனில் காட்டினார்கள், அவர் போனைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் காட்டினார், பெட்டிக்கடையில் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். ஒருதடவைகூட அவர் யாரிடமும் குறைப்பட்டதில்லை. தினமும் காலையில் பஸ்ஸின் முன் கண்ணாடியை மட்டும் வெகுநேரம் துடைப்பார். பதினைந்தாம் நாள் செலஸ்தீனா பலகையைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தபோது கரையில் வந்து நின்றார்.

"அக்கா, உப்புல இறுகுனதுக்கு வெந்நி ஊத்துனா இளகும்னு சொல்லுதாவ. ஊத்திப் பாத்தீயளா?"

"பாத்தேன் தம்பி" என்றாள்.

"சரிக்கா" என்றுவிட்டுப் போனார். அவர் நம்பிப் போன விதம்தான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. அன்றைக்குக் காற்று ஒழுங்காக வந்தும் அவளுக்கு இரண்டு தடவை கால் தவறியது.

ரெக்ஸ்லின் இதற்குள் அழுது முடித்திருந்தாள். முதல் வாரம் அழுதாள், இரண்டாம் வாரம் கோபப்பட்டாள், மூன்றாம் வாரம் ஜெர்மன் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "என் அம்மா ஒரு தையல்காரி" என்ற வாக்கியத்தை அந்த மொழியில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வார ஞாயிறு பூசை முடிந்து வந்து, "இன்னிக்கு ஓய்வுதான, என்னையும் ஒரு சுத்து கூட்டிட்டுப் போ" என்றாள்.

இரண்டு பேர் நின்றால் பலகை தண்ணீரில் கொஞ்சம் அமிழும், அலை கணுக்காலில் ஏறி இறங்கும். செலஸ்தீனா பின்னால் நின்று குறுக்குக் கம்பைப் பிடித்திருந்தாள், ரெக்ஸ்லின் முன்னால் கம்பின் அடியில் உட்கார்ந்திருந்தாள். கரை தள்ளிப் போனது. இரண்டு பேருக்கும் இடையில் மாதாவின் முகம் ஒருபாதி காற்றை வாங்கி உப்பி நின்றது. ரெக்ஸ்லின் கை நீட்டி முடிச்சைத் தொட்டாள். தொட்டாளே தவிர இழுக்கவில்லை.

"இது ஒத்தை இழுப்பு முடிச்சும்மா."

செலஸ்தீனா பாயைக் காற்றுக்குத் திருப்பினாள்.

"ஒண்ணாங் கிளாஸ்ல எனக்குப் பாவாடை நிக்காதுன்னு நீதான் சொல்லிக் குடுத்த. இழுத்தா அவுரும், இழுக்கலேன்னா நிக்கும்னு."

"ஆமா."

"நான் அவுக்க மாட்டேன். நீதான் ஏத்துன." அவள் கையைத் தண்ணீரில் விட்டு அளைந்தாள். "வியாழக்கிழம காலைல பெட்டியத் தூக்கிட்டு சுடலைமுத்தண்ணன் பஸ்ல ஏறி உக்காந்துருவேன். நீ எது வரைக்கும் கூட்டிட்டுப் போறியோ அது வரைக்கும் போறேன். அதுக்கு மேல கேக்க மாட்டேன்."

"போனா வரமாட்ட."

"அப்பாவச் சொல்லுத."

"உன்னத்தான் சொல்லுதேன்."

"வருவேம்மா" என்றாள் ரெக்ஸ்லின். "ஆனா வருவேன்னு நான் சொன்னாத்தான் நீ விடுவேன்னா, அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு இருக்கு?"

செலஸ்தீனா பாயை இழுத்துப் பிடித்தாள், பாய் செத்தது, பலகை நின்றது, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி சின்ன அலையில் ஆடிக்கொண்டு வெகுநேரம் இருந்தார்கள். காற்றிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்; பெற்ற பிள்ளையிடம் அதே கையைத் தளர்த்த முடியவில்லை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை வடக்குப் பயண நாள் இல்லை. ஆனாலும் ஏழு மணிக்குச் சுடலைமுத்து பஸ்ஸை ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தார், ரெக்ஸ்லின் பெட்டியோடு பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள், ஊரில் பாதிப்பேர் எதற்கென்று தெரியாமலே ஏறியிருந்தார்கள். சாமியார் படிக்கட்டில் நின்று ஆசீர்வாதம் கொடுத்தார். பிலோமி தன் மகனின் சட்டையைப் பிடித்தபடி ரோட்டோரம் நின்றாள். செலஸ்தீனா யாரையும் பார்க்காமல் பலகையைத் தள்ளிக்கொண்டு போய் ஏறினாள்.

அன்றைய காற்றைப் போல மெல்லிய காற்று அந்த மாதம் முழுக்க வீசவில்லை. பலகை போகிறதா என்று தெரிந்துகொள்ளக் கரையிலுள்ள பனைகளைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு பனை பின்னால் போகும், பஸ் ஒரு பனை முன்னால் வரும். உப்பளம் போனது, ஐஸ் பேக்டரி போனது, கல்லறைத் தோட்டத்து மதில் போனது. ஒன்பது கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம். அவள் கரையைப் பார்க்கும்போதெல்லாம் பின் ஜன்னலில் ஒரு முகம் இருந்தது. இந்த ஒன்பது கிலோமீட்டரும் முடியாமலே போகட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள், வேண்டிக்கொண்டே துடுப்பையும் போட்டாள். மகளுக்கு விமானம் தப்பிவிடக் கூடாதே என்றும் இருந்தது.

வெள்ளமுனைப் பாலத்தில் ரோடு கடலை விட்டு மேற்கே திரும்புகிறது. பஸ் அங்கே நின்றது. சுடலைமுத்து ஹாரன் அடிக்கவில்லை, எஞ்சினை மட்டும் ஓடவிட்டிருந்தார். செலஸ்தீனா பலகையில் மண்டியிட்டு, கம்பின் அடியில் தொங்கிய கயிற்று நுனியைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தாள்.

முடிச்சு வரவில்லை.

மறுபடி இழுத்தாள். இருபத்து நாலு நாள் நனைந்து, இருபத்து நாலு நாள் வெயிலில் காய்ந்து, கயிற்றின் புரிகளுக்குள் உப்பு ஏறி முடிச்சு கல்லாகிக் கிடந்தது. நகத்தால் நெம்பினாள், நகம் ஒடிந்தது. குறுக்குக் கம்பு காற்றில் திரும்பி அவள் தோளில் இடித்தது. இழுக்க வேண்டாம் என்று இருந்த நாளெல்லாம் ஒரே இழுப்பில் வந்திருக்கக் கூடியது, இழுக்க வேண்டும் என்று வந்த நேரத்தில் அவள் சொன்ன பொய்யாகவே ஆகிவிட்டிருந்தது. அவளுக்குப் பயம் வந்தது. மகள் போய்விடுவாளே என்ற பயத்தைவிடப் பெரிய பயம், மகள் தன்னால் போக முடியாமல் போய்விடுவாளே என்பது.

"மாதாவே, நான் சொன்னது பொய். உப்புமில்ல ஒண்ணுமில்ல. சொன்னதத் திருப்பி வாங்கிக்கிடுதேன்" என்று வாய்விட்டுச் சொன்னாள். பிறகு குனிந்து, பொய் சொன்ன அதே வாயால் முடிச்சைக் கடித்தாள். உப்பு நாக்கில் கரைந்தது, பல் கூசியது, எச்சிலும் கண்ணீரும் கயிற்றில் ஊறின. கடித்து, இளக்கி, மறுபடி கடித்து, எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது, பஸ் அசையாமல் நின்றிருந்தது. ஒரு புரி நெகிழ்ந்தது. அதைப் பிடித்து இழுத்தாள்.

பாய் சரசரவென்று இறங்கி அவள் தலைமேல் விழுந்து மூடியது. ஈரத் துணிக்குள் ஒரு நிமிஷம் எதுவும் தெரியவில்லை, மாதாவின் முகம் அவள் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை விலக்கிவிட்டு எழுந்து நின்றாள்.

பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. பின் கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு கை அசைந்தது. உட்கார்ந்தால் பலகை ஆடாது, ஆனால் கடலில் உட்கார்ந்திருப்பவர் தூரத்திலிருந்து பார்க்க வெறும் கட்டைதான், நிற்பவரைத்தான் ஆள் என்று தெரியும். அதனால் செலஸ்தீனா அலைக்கு அலை காலை மாற்றி மாற்றி வைத்து, கையைத் தூக்கியபடி, மேற்குப் பக்கப் புழுதி அடங்கும்வரை நின்றாள். புழுதி அடங்கிய பிறகும் அந்தப் பஸ் எந்தக் குருசடிக்கும் திரும்பி வரவில்லை.

ஊருக்குத் துடுப்புப் போட்டே வந்து சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. அதற்குள் குருசடித்துறை பாதி காலி. தியானச் சாமியார் போய்விட்டார், காலேஜ் பிள்ளைகள் போய்விட்டார்கள், வரவேண்டிய பஸ்களெல்லாம் வந்து ஏற்ற வேண்டியவர்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தன. பாலத்தில் பஸ்ஸிலிருந்து பார்த்தவர்கள், செலஸ்தீனா முறைப்படி மண்டியிட்டுக் கொடியை முத்தி செய்தபிறகுதான் இறக்கினாள் என்று போனில் சொல்லி, அதற்குள் அது ஊர் முழுக்கப் பரவியிருந்தது. கரையில் பிலோமி தனியாக நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது, கையில் மகனின் சட்டை இல்லை.

"முடிச்சு இறுகிப்போச்சுன்னுல்லா மதினி சொன்னீய?"

செலஸ்தீனாவின் உதடு வெடித்து ரத்தம் கசிந்திருந்தது.

"இறுகித்தான் இருந்துச்சு பிலோமி" என்றாள்.

பிலோமி அந்த உதட்டைப் பார்த்தாள். பிறகு சேலையைச் சொருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் பலகையின் ஒரு முனையைப் பிடித்தாள், இரண்டு பேருமாகத் தூக்கி முற்றத்தில் கொண்டுவந்து வைத்தார்கள்.

பாயை அன்றைக்கே எரித்துவிட வேண்டும் என்றுதான் செலஸ்தீனா நினைத்தாள், ஆனால் துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. உலர்த்த வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு தென்னைகளுக்கு நடுவே துணி காயப்போடும் கயிறுவரை போனவள், சட்டென்று நின்றாள்; கயிற்றில் ஏறினால் அது மறுபடியும் கொடி. ரெக்ஸ்லின் இந்நேரம் விமான நிலையத்துக்குள் நுழைந்திருப்பாள். செலஸ்தீனா திரும்பி வந்து, பாயை மணலில் தட்டையாக விரித்து, மாதாவின் முகத்தில் ஒட்டியிருந்த பாசியை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, லேசான காற்றுகூடத் தூக்கிவிடாதபடி நாலு மூலையிலும் நாலு கல் வைத்தாள்.